ஈரக் காற்றில் ஒரு சீஸ் ரொட்டி

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையே, கோட்டக்கரை ஆறு பாக் விரிகுடாவில் கலக்கும் முகத்துவாரத்தில் இருக்கிறது காரங்காடு. அலையாத்திக் காட்டுக்குள் படகில் போய்வர வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அந்தச் சுற்றுலாவை நடத்துகிறார்கள். வந்தவர்கள் நண்டும் இறாலும் கணவாயும் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்புகிறார்கள். அப்பேர்ப்பட்ட ஊரை வைத்துக்கொண்டு காய்கறி ரொட்டியைப் பற்றி எழுதுவது கொஞ்சம் அபத்தமாகத்தான் தெரியும். ஆனால் கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று ஓங்கி, வள்ளங்கள் கரையேறிக் கிடக்கும் நாட்களில் கடற்கரை வீட்டிலும் மீன் இருக்காது. சாம்பாரைப் பார்த்ததும் பிள்ளைகள் முகம் சுளிக்கும். அப்போது யாராவது கைப்பேசியில் ஒரு செய்முறையைத் தேடி எடுப்பார்கள்: வாட்டிய காய்கறியும் சீஸும் போட்ட தட்டை ரொட்டி. பீட்சாவின் ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம்.

செய்முறையில் தவறு இருக்காது. அதை எழுதியவர் இருக்கும் இடம்தான் சிக்கல். வறண்ட, குளிர்ந்த நாட்டில், ஓவன் அடுப்பு வைத்திருப்பவர் எழுதிய அளவுகளை இந்தக் கரையில் அட்சரம் பிசகாமல் பின்பற்றினால் மாவு கையோடு ஒட்டிக்கொண்டு வரும், காய் நீர் விட்டு ரொட்டியை நனைக்கும், சீஸ் ஒன்று எண்ணெயாகப் பிரியும் அல்லது தோலாக விறைக்கும். மூன்றுக்கும் பின்னால் இருப்பது தண்ணீர். காற்றில் இருக்கும் தண்ணீர், காயில் இருக்கும் தண்ணீர், பாலில் இருந்து சீஸுக்குள் வந்த தண்ணீர். அதை எங்கே வைத்திருப்பது, எங்கே விரட்டுவது என்று தெரிந்தால் தோசைக்கல்லே போதும்.

மாவிலிருந்து தொடங்கலாம். கோதுமையில் குளூட்டெனின், கிளையடின் என்று இரண்டு புரதங்கள் உண்டு. உலர்ந்த மாவில் அவை சும்மா கிடக்கும். தண்ணீர் பட்டதும் ஒன்றோடொன்று பிணைந்து குளூட்டன் என்ற வலையாகின்றன. குளூட்டெனின் அந்த வலைக்கு மீள்தன்மையைத் தருகிறது. கிளையடின் அதை இழுபட வைக்கிறது. பரோட்டா மாஸ்டர் வீசும்போது மாவு கிழியாமல் கண்ணாடித் தாள்போல விரிகிறதே, அது இந்த வலைதான். அவர் உருண்டைகளை எண்ணெயில் ஊறவைத்துக் காத்திருப்பதற்கும் இதுவே காரணம். பிசைந்த உடனே வலை விறைப்பாக இருக்கும். விரித்தால் சுருண்டு பழைய இடத்துக்கே வரும். நேரம் கொடுத்தால் தளர்ந்து, சொன்ன பேச்சைக் கேட்கும். நம் ரொட்டிக்கும் அதே பொறுமை வேண்டும்.

மைதாவும் ஆட்டாவும் பாதிப் பாதி போடுவது நல்ல சமரசம். ஆட்டாவின் தவிடு குளூட்டன் வலையை அங்கங்கே அறுத்துவிடும். ஆனால் அது கூடுதல் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், மணமும் தரும். பொதுவாக 100 கிராம் மாவுக்கு 60 முதல் 65 மில்லி தண்ணீர் என்பார்கள். ஆனால் மாவும் காற்றோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கும் பொருள்தான். அரைத்த மாவிலேயே எடையில் 12 முதல் 14 சதவீதம் வரை ஈரம் இருக்கும். வாடைக்காலத்தில் திறந்து வைத்த டப்பாவில் அது இன்னும் ஏறும். கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் அதே மாவு காய்ந்து கிடக்கும். ஆகவே முதலில் 55 மில்லி மட்டும் ஊற்றிப் பிசைந்து, பத்து நிமிடம் மூடி வைத்து, பிறகு தேவைப்பட்டதைத் தெளித்துக்கொள்வது உத்தமம். பதம் காது மடலைத் தொட்டால் இருக்கும் மென்மை. கச்சான் காலத்தில் மேலே ஈரத்துணி போடாவிட்டால் மாவு ஏடு கட்டிக்கொள்ளும்.

தண்ணீர் எந்தத் தண்ணீர் என்பதும் இங்கே ஒரு கேள்வி. இந்தக் கரையோரத்தில் கிணற்று நீர் உவர்ப்பது வழக்கம். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் வீட்டில் கவலையில்லை. உவர் நீரில் பிசைந்தால் செய்முறையில் சொன்ன உப்பை அப்படியே போடக் கூடாது. மாவின் எடையில் 2 சதவீதம், அதாவது 400 கிராமுக்கு 8 கிராம் உப்பு என்பது சுவைக்காக மட்டும் சொன்ன கணக்கு இல்லை. உப்பு குளூட்டன் வலையை இறுக்குகிறது, ஈஸ்ட்டின் வேகத்தையும் குறைக்கிறது. கூடினால் மாவு எழும்பவே எழும்பாது. வாலிநோக்கம் உப்பளத்துப் பக்கத்துக் கல்லுப்பை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனித்திருப்பார்கள். ஜாடியில் கசிந்து நிற்கும். சுத்தமான சோடியம் குளோரைடு அவ்வளவு சீக்கிரம் நீர் விடாது. கடல்நீரிலிருந்து கூடவே வந்த மக்னீசியம் குளோரைடுதான் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. கசிந்த உப்பைக் கரண்டியால் அளந்தால் கணக்கு தப்பும். கரைத்து ஊற்றுவதே மேல்.

ஈஸ்ட் என்றதும் கடையில் வாங்கும் பொட்டலம்தான் நினைவுக்கு வரும். ஆனால் இராமநாதபுரத்துப் பனைமரங்களுக்கு ஈஸ்ட் பழைய உறவு. பாளையைச் சீவியதும் வடியும் சாற்றில் சுக்ரோஸ் சர்க்கரை பத்து சதவீதத்துக்கு மேலேயே இருக்கும். காற்றிலும் பாளையிலும் பானையிலும் இருக்கும் ஈஸ்ட்டுகள் சில மணி நேரத்தில் அதைக் கள்ளாக்கிவிடும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் அது பதநீராகவே நிற்கும். சுண்ணாம்பு சாற்றைக் காரமாக்கிவிடுவதால் ஈஸ்ட் தலையெடுக்க முடிவதில்லை. அந்தக் காலத்தில் ஆப்ப மாவைப் பொங்க வைத்ததும் கள்தான். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருப்பதால், ஆப்பத்துக்கும் பொட்டல ஈஸ்ட் வந்துவிட்டது. இரண்டிலும் வேலை செய்வது சக்காரோமைசிஸ் இனம். சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவையும் ஆல்கஹாலையும் வெளியிடும். வாயு குளூட்டன் வலைக்குள் மாட்டிக்கொள்ள, மாவு பொங்கும்.

வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த வேலை ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும், 35 டிகிரி வரை. ஐரோப்பியச் சமையலறையின் 20 டிகிரியில் இரண்டு மணி நேரம் என்று எழுதியதை நம் ஊர் 31 டிகிரியில் அப்படியே செய்தால், மாவு பொங்கி, தளர்ந்து, புளித்து, சரிந்தே போயிருக்கும். ஈஸ்ட்டைப் பாதியாகக் குறைத்து, கடிகாரத்தை மறந்து, மாவு இரட்டிப்பானதும் எடுத்துவிட வேண்டும். நேரம் இருந்தால் இன்னும் நல்ல வழி, குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு. குளிரில் ஈஸ்ட் மெதுவாக நகரும். மாவின் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துக்கொண்டே இருக்கும். அந்தச் சர்க்கரை மறுநாள் கல்லில் நிறமாகவும் மணமாகவும் திரும்பி வரும். பொட்டலத்தைத் திறந்த பிறகு கடற்காற்றில் விட்டால் ஈஸ்ட் கட்டிதட்டிச் செத்துவிடும். சந்தேகம் இருந்தால் வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் கருப்பட்டி கரைத்து அதில் தூவுங்கள். பத்து நிமிடத்தில் நுரைக்காவிட்டால் தூக்கிப் போட்டுவிடலாம்.

இனி காய். காரங்காட்டில் படகில் போகும்போது அலையாத்தி இலை ஒன்றைக் கைக்கு எட்டும் தூரத்தில் பார்க்கக் கிடைத்தால், வெயில் நேரத்தில் அதன் மேல் பொடிப்பொடியாக மின்னுவதைக் கவனிக்கலாம். நாக்கில் வைத்தால் கரிக்கும். அவிசீனியா மரீனா என்ற இந்த மரம் உப்பு நீரில் நின்றுகொண்டே நல்ல நீரைக் குடிக்கிறது. உப்பில் பெரும்பகுதியை, சுமார் 90 சதவீதத்தை, வேரே வடிகட்டி வெளியே நிறுத்திவிடும். தப்பி உள்ளே வந்ததை இலையில் உள்ள சுரப்பிகள் வெளியேற்றும். மேலே காய்ந்து மின்னுவது அந்த உப்பு. சாதாரணச் செடியை அங்கே நட்டால் வாடிவிடும். வெளியே உப்பு அடர்த்தியாக இருந்தால் செல்லுக்குள் இருக்கும் நீர் சவ்வைத் தாண்டி வெளியே போய்விடுவதுதான் காரணம். சவ்வூடு பரவல் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது.

அலையாத்தி தடுத்து நிறுத்தும் அதே விஷயத்தைக் கத்தரிக்காயில் நாம் வேண்டுமென்றே நடத்த வேண்டும். வட்டமாக அரிந்து உப்புத் தூவி வைத்தால் முதலில் எதுவும் தெரியாது. ஐந்து நிமிடத்தில் தோலோரம் முத்து முத்தாக நீர் துளிர்க்கும். அரை மணியில் தட்டில் ஒரு மடக்குத் தண்ணீர் தேங்கி, துண்டு துவண்டுவிடும். கத்தரிக்காயின் சதை காற்றறைகள் நிறைந்த பஞ்சு. அப்படியே கல்லில் போட்டால் எத்தனை எண்ணெய் ஊற்றினாலும் குடித்துவிடும். உப்பு நீரை இழுத்ததும் அந்த அறைகள் அமுங்கி, குடிக்க இடமில்லாமல் போகும். துணியில் வைத்துப் பிழிந்துவிட்டு வாட்டினால் கால் பங்கு எண்ணெய் போதும்.

கத்தரிக்காயில் 92 சதவீதம் நீர், குடைமிளகாயிலும் ஏறக்குறைய அதே, தக்காளியில் 94, வெங்காயத்தில் 89. ஐந்து பேர் சாப்பிட 600 கிராம் காய் எடுத்தால் அதில் அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் இருக்கிறது. இதை அப்படியே ரொட்டியின் தலையில் கொட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு கிராம் நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக 70 கலோரி போதும். கொதிநிலையில் இருப்பதை ஆவியாக்க இன்னும் 540 கலோரி வேண்டும். கிட்டத்தட்ட எட்டு மடங்கு. அடுப்பின் வேலையில் பெரும்பகுதி காயை வேகவைப்பதில் போகவில்லை, நீரை விரட்டுவதில் போகிறது. நீர் இருக்கும்வரை காயின் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டவும் தாண்டாது.

தாண்டினால்தானே சுவை. 1912இல் லூயி கமில் மையார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் அமினோ அமிலங்களையும் சர்க்கரையையும் சேர்த்துச் சூடாக்கியபோது பழுப்பு நிறம் வருவதை விவரித்தார். வறுத்த காப்பிக்கொட்டை, முறுகல் தோசை, சுட்ட கத்தரிக்காய் எல்லாவற்றின் மணத்திலும் அவர் பெயரிலான வினைக்குப் பங்குண்டு. அடுப்பங்கரை வேகத்தில் அது நடக்க மேற்பரப்பு 140 டிகிரியாவது தொட வேண்டும். ஆகவே காய்களைக் கல்லில் நெருக்கிப் போடாதீர்கள். நெருக்கினால் ஒன்று விட்ட ஆவியில் இன்னொன்று வேகும். இடம் விட்டு, ஒவ்வொரு காயையும் தனித்தனியாக, கருகல் புள்ளி விழும்வரை கிளறாமல் விட வேண்டும். எடை பாதிக்கு மேல் குறைந்தால் சரி. வெங்காயத்துக்கு மட்டும் ஒரு தந்திரம்: சிட்டிகை சமையல் சோடா. காரத்தன்மையில் மையார் வினை விரைவாக நடக்கும். கூடினால் சோப்பு வாடை அடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தக்காளியின் விதைக் குழம்பைத் தூக்கிப் போடச் சொல்லும் செய்முறைகளோடு எனக்கு உடன்பாடில்லை. தண்ணீர் அதில்தான் அதிகம், உண்மை. ஆனால் குளூட்டமேட் என்ற சுவைப்பொருளும் சதையைவிட அதில்தான் அதிகம். அப்படியே தொக்காகச் சுண்ட வைத்தால் நீர் போய்ச் சுவை நிற்கும். அந்தத் தொக்குக்கு முண்டு மிளகாயைவிட்டால் வேறு மிளகாய் எதற்கு? குண்டாக, தடித்த தோலோடு இருக்கும் இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. அதன் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். நாக்கில் டிஆர்பிவி1 என்ற வெப்ப உணரியை அது தட்டி எழுப்புவதால், சூடே இல்லாமல் சுடுவதுபோல மூளைக்குத் தோன்றுகிறது. அந்த உணரியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சீஸில் இருக்கும் கொழுப்பும் கேசீன் புரதமும் கேப்சைசினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மிளகாயைத் தாராளமாகப் போட்டும் பிள்ளைகள் கண்ணீர் விடாமல் சாப்பிடுவது இதனால்தான்.

இப்போது சீஸ். தமிழர் சமையலில் தயிர், மோர், நெய் எல்லாம் உண்டு. முற்றவைத்த சீஸ் இல்லை. அதை மாதக்கணக்கில் முற்றவைக்கக் குளிர்ந்த நிலவறை வேண்டும். நம் வெயிலில் பால் தயிராகத்தான் நிற்கும். பிற்காலத்தில் கொடைக்கானலில் சீஸ் செய்தார்கள், மலைக்குளிர் உதவியது. ஆரோவில்லில் செய்கிறார்கள், அங்கே குளிர்பதன அறை உதவுகிறது. நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் பாக்கெட் மொசரெல்லா, பதப்படுத்திய சீஸ் கட்டி, அப்புறம் பன்னீர்.

பன்னீரைத் துருவிப் போட்டுவிட்டு, "என்ன அப்பத்தா, இழுபடவே மாட்டேங்குது?" என்று பேரன் கேட்டால் அப்பத்தா மேல் குற்றமில்லை. பன்னீர் செய்யும்போது பாலை நன்றாகக் காய்ச்சிப் பிறகு எலுமிச்சையோ தயிரோ ஊற்றித் திரிக்கிறோம். கொதியில் மோர்ப்புரதங்கள் உருக்குலைந்து கேசீனோடு ஒட்டிக்கொள்கின்றன. அமிலம், கேசீன்களுக்கு இடையில் இருந்த கால்சியத்தைப் பிரித்து நீரோடு அனுப்பிவிடுகிறது. மிஞ்சுவது சூட்டில் இறுகிய புரதக் கட்டி. மறுபடி சூடாக்கினால் இன்னும் இறுகும், உருகாது. மொசரெல்லாவின் கதை வேறு. அங்கே பாலை உறைய வைப்பது ரென்னெட் நொதி. கேசீன் உருண்டைகளின் மேலிருக்கும் மயிர்போன்ற காப்பு அடுக்கை மட்டும் அது வெட்டிவிடும். உருண்டைகள் கால்சியத்தைப் பாலமாக வைத்துக் கைகோத்துக்கொள்ளும். பிறகு பாக்டீரியாக்கள் மெதுவாகப் புளிக்க வைத்து, அமிலநிலை பி.எச். 5.2 அளவுக்கு இறங்கும்போது பாலங்களில் ஒரு பகுதி மட்டும் கரைந்திருக்கும். அந்த நேரம் பார்த்துச் சுடுநீரில் போட்டு இழுத்து மடித்து இழுத்தால் புரதங்கள் நாராக வரிசை கட்டும். கால்சியம் முழுவதும் இருந்தால் ரப்பர். முழுவதும் போனால் நொறுங்கும். இடைப்பட்ட அந்தப் பதத்தில்தான் சீஸ் இழுபடுகிறது.

பதப்படுத்திய சீஸில் சிட்ரேட், பாஸ்பேட் உப்புகள் சேர்ப்பார்கள். அவை கால்சியத்தைப் பறித்துக்கொண்டு கொழுப்பையும் நீரையும் பிரியாமல் கட்டிவைக்கும். அதனால் வழுவழுவென்று உருகும், நூல் வராது. என் கணக்கு மூன்று பங்கு மொசரெல்லாவுக்கு ஒரு பங்கு பதப்படுத்தியது. ஒன்று இழுவைக்கு, மற்றது எண்ணெய் பிரியாமல் காக்க. நீரில் மிதந்து வரும் புது மொசரெல்லா உருண்டையை வாங்கினால் பிழிந்து, துணியில் சுற்றி வைத்துவிட்டுத்தான் போட வேண்டும். அதன் பாதிக்கு மேல் தண்ணீர்தான்.

கல் காய்ந்ததா என்று தண்ணீர் தெளித்துப் பார்ப்பது எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். துளி சுர்ரென்று அப்படியே அடங்கினால் கல் 100 டிகிரியைக் கடந்திருக்கிறது, அவ்வளவே. துளி உருண்டையாகி வழுக்கிக்கொண்டு ஓடினால் சுமார் 200 டிகிரி. தன் ஆவிமேலேயே அது மிதக்கிறது. 1756இல் இதை எழுதிவைத்த ஜெர்மானிய மருத்துவர் லைடன்ஃபிராஸ்ட்டின் பெயரில்தான் இன்றும் இந்த விளைவை அழைக்கிறார்கள். நேப்பிள்ஸ் நகரத்து விறகடுப்பில் 430 டிகிரிக்கு மேல் போவதால் பீட்சா ஒன்றரை நிமிடத்தில் வெந்துவிடும். கீழே கல்லும் மேலே கூரையும் சேர்ந்து சூடு கொடுக்கும் அடுப்பு அது. தோசைக்கல்லுக்குக் கூரை இல்லை. எனவே வரிசையை மாற்ற வேண்டும். துளி ஓடும் சூட்டில் வெறும் ரொட்டியைப் போட்டு ஒரு பக்கம் புள்ளி விழும்வரை வேகவிட்டுத் திருப்புங்கள். வெந்த பக்கம் இப்போது மேலே வந்திருக்கும். அது காய்ந்து இறுகி இருப்பதால் காயின் ஈரம் உடனே உள்ளே இறங்காது. அதன்மேல் தொக்கு, காய், சீஸ். தீயைக் குறைத்து மூடி போடுங்கள்.

மூடிக்குள் நடப்பது சற்று நுட்பமானது. காயிலிருந்து எழும் நீராவி, குளிர்ந்த சீஸின் மேல் பட்டு நீராகும்போது, ஆவியாக எடுத்துக்கொண்ட அதே 540 கலோரியைத் திருப்பித் தருகிறது. சீஸ் ஒன்றிரண்டு நிமிடத்தில் உருகுவது அதனால்தான். ஆனால் மூடியின் உட்புறத்தில் சேரும் நீர் சொட்டினால் ரொட்டி நமுத்துப் போகும். மூடியைத் துணியால் கட்டிக்கொள்ளலாம். சீஸ் பளபளத்துக் குமிழி விட்டதும் எடுத்துவிடுங்கள். இன்னும் வைத்தால் கேசீன் வலை சுருங்கி நீரையும் கொழுப்பையும் பிழிந்துவிடும். அதன் பிறகு ஒட்டவைக்க முடியாது.

மீன் கிடைக்காத நாளின் ரொட்டி என்று தொடங்கினேன். ஆனால் கடற்கரை வீட்டில் கருவாடு இல்லாமல் போகாது. இத்தாலியர்கள் இதே மாதிரியான ரொட்டியின் மேல் உப்பில் ஊறிய ஆன்சோவி மீனைப் போடுவார்கள். நம் நெத்திலியின் குடும்பம்தான் அது. 1908இல் கிகுனாயே இகெடா என்ற ஜப்பானிய வேதியியலாளர் குளூட்டமேட்டின் சுவையை உமாமி என்று தனியாகப் பிரித்துக் காட்டினார். சீஸிலும் தக்காளியிலும் அது நிறைய இருக்கிறது. காய்ந்த நெத்திலியில் இருப்பது இனோசினேட். இரண்டும் நாக்கில் ஒரே உணரியின் வெவ்வேறு இடங்களில் உட்காருவதால், சேரும்போது சுவை கூட்டல் கணக்கில் ஏறாமல் பல மடங்காக ஏறுகிறது. சைவம் சாப்பிடுபவர் வீட்டில் இல்லையென்றால், வறுத்துப் பொடித்த நெத்திலிக் கருவாடு ஒரு தேக்கரண்டி தொக்கோடு சேரட்டும். அன்றைக்கு உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பிந்தி வருபவருக்கு எடுத்து வைப்பதில் ஒரு கவனம் வேண்டும். ரொட்டி விறைத்துப் போவது காய்ந்துபோவதால் மட்டும் நடப்பதில்லை. வேகும்போது நீரைக் குடித்துக் குழைந்த மாவுச்சத்து மூலக்கூறுகள், ஆறியதும் மறுபடி வரிசை கட்டிப் படிகமாகின்றன. இது மிக வேகமாக நடப்பது குளிர்சாதனப் பெட்டியின் 4 டிகிரியில்தான். ஆகவே வெறும் ரொட்டியைச் சுட்டுத் துணியில் சுற்றி வெளியே வையுங்கள், காயையும் சீஸையும் மட்டும் பெட்டிக்குள் வையுங்கள். ஆள் வந்து கை கழுவும் நேரத்தில் கல்லைக் காயவைத்து, ரொட்டிமேல் லேசாகத் தண்ணீர் தெளித்துச் சூடாக்கினால், 60 டிகிரி தாண்டியதும் அந்தப் படிகங்கள் உருகி ரொட்டி மறுபடி மெத்தென்று ஆகும். பிறகு காயும் சீஸும் போட்டு மூடிவிடுங்கள். இரண்டாம் முறை ஆறினால் இன்னும் கடுமையாக விறைக்கும், சுடச்சுடச் சாப்பிடச் சொல்லுங்கள்.